பதினோரு பச்சைப் பொத்தான்கள்

சிறைச்சாலையின் பெரிய கதவுக்கு நேர் எதிரே ஒரு சைக்கிள் கடை பூட்டிக் கிடக்கிறது. அதன் வாசலில் கால்மிதித் தையல் மிஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒன்பது வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் பொத்தான் அக்கா. உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வருகிற யாரையும் அந்தக் கதவு திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். இதுவரை எத்தனை ஆயிரம் பேரை உள்ளே அனுப்பியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் மட்டும் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. உள்ளே இருப்பது அவருடைய ஒரே மகன்.

என்னைக் கதவு திருப்பி அனுப்பிய அன்றுதான் அவரைப் பார்த்தேன். ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். கப்பல் சமையலறை, திராட்சைத் தோட்டம், விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு நகர்ந்துகொண்டே இருந்தேன். ஓரிடத்தில் நாலு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. தம்பி லாரியை ஒரு மனிதர்மேல் ஏற்றிவிட்டு இரண்டு வருடத் தண்டனையில் இருக்கிறான் என்று அம்மா சொன்ன பிறகுதான் வீடு வந்தேன். இத்தனை நாட்டு எல்லைகளைத் தாண்டியவளுக்கு இந்தக் கதவு ஒரு பொருட்டா என்ற நினைப்பு. துறைமுக நகரம் ஒன்றில் வாங்கிய நல்ல மேலங்கியை மாட்டிக்கொண்டு போனேன். முன்பக்கம் ஏழு பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொரு கையிலும் மூன்று.

கைதியைப் பார்க்க முதலில் சீட்டு ஜன்னலில் மனு போட வேண்டும். நம் பெயர், அவர் பெயர், என்ன உறவு, இவ்வளவுதான். அந்தச் சீட்டு உள்ளே போகும். கைதிக்கு நம்மைப் பார்க்க விருப்பமிருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு வரும். கையெழுத்து வந்தவர்கள் முற்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையின் முடிவில் உலோகத்தைக் கண்டால் கத்துகிற வளைவு. அது ஒரு தடவை கத்தினால் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி வரலாம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை கத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான். பதினொரு மணிக்குக் கதவும் சாத்திவிடுவார்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே மனு.

வளைவு எனக்கு மூன்று தடவை கத்தியது. முதல் தடவைக்கு மேலங்கியைக் கழற்றினேன், இரண்டாவதற்கு பூட்சை. மூன்றாவதற்குக் கழற்றக்கூடியது எதுவும் மிச்சமில்லை. வளைவுக் காவலர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பூட்சைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி கிளம்பி வந்திருக்கியேம்மா. உள்ள என்ன கச்சேரியா நடக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை கத்தியது உள்ளாடைக் கம்பிக்காக என்றும், வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே தன்னிடம் வந்துவிட வேண்டும் என்றும், வெள்ளை உடுத்தி வந்துவிடக் கூடாது, கைதிகள் உடுத்துவது வெள்ளை என்றும் சொல்லி முடித்துவிட்டார். அதற்குள் அவர் கையிலிருந்த சட்டையில் ஒரு பொத்தான் ஏறியிருந்தது. பல்லால் நூலைக் கடித்தார். கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய் வந்தது. அடுத்த சட்டையை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை போனேன். அதன்பிறகு போகிற நாளெல்லாம் என் மனு நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போனேன். தம்பிக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய்.

மிஷின் மேஜையின் இடது பக்கம் ஒரு பெரிய தகர டப்பா இருக்கும். அது நிறையப் பச்சைப் பிளாஸ்டிக் பொத்தான்கள். ஒரு மழைக்கோட்டு கம்பெனி மூடியபோது மூட்டையாக வாங்கியவை. வலது பக்கம் காலித் தீப்பெட்டிகள். வருகிறவருடைய உலோகப் பொத்தானை அறுத்துத் தீப்பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்துவிடுவார். அதற்குப் பதில் பச்சைப் பொத்தான் ஒன்றைத் தைப்பார். திரும்பி வரும்போது பழைய பொத்தானை ஏற்றித் தருவார். ஜிப்பை எடுத்துவிட்டு நாடா தைப்பார். உள்ளாடைக் கம்பியை உருவ, மூலையில் ஒரு திரை கட்டியிருந்தார். ஆணியில் நாலு சட்டைகள் தொங்கும். வெள்ளையோ காக்கியோ உடுத்தி வந்துவிட்டவர்கள் மேலே போட்டுக்கொள்ள. காக்கி காவலர்களுடையது, அதுவும் ஆகாது. பெல்ட்டைக் கழற்ற வெட்கப்பட்ட ஒரு பெரிய மனிதரிடம் இடுப்புக்கு ஒரு துணிக் கயிற்றைக் கொடுத்து, "கெட்டியா முடிஞ்சுக்கங்க சார், உள்ள போய் அவுந்துச்சுன்னா அதுக்குத் தனி கேஸ் போட்டுருவாங்க" என்றார். அந்த மனிதர் நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார் என்று அவருடைய மனைவி எங்களிடம் சொன்னார்.

சும்மா செய்யமாட்டார். கூலி வாங்குவார். யாராவது அவரைப் புண்ணியவதி என்று சொன்னால் கோபம் வரும். புண்ணியத்துக்குத் தைத்தால் பொத்தான் நிற்காது என்பார்.

பொத்தான் தைப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. துளைகளில் நூலை ஏற்றி இறக்கிய பிறகு, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்குவார். அதற்குக் கழுத்துக் கட்டுவது என்று பெயர். கழுத்துக் கட்டிய பொத்தான் துணி கிழிந்தாலும் விழாது. சட்டைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் அவர் அதைத்தான் செய்திருந்தார். மகனும் பள்ளிக்கூடம் முடித்து அங்கேதான் சேர்ந்தான், அவருக்குப் பக்கத்து மேஜையில்.

ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழே முக்காலுக்கு, ஜன்னல் திறந்ததும் விழுகிற முதல் சீட்டு பொத்தான் அக்காவுடையதாக இருக்கும். மகன் பெயர், தன் பெயர், உறவு: தாய். கொடுத்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிடுவார். ஒன்பது மணி வாக்கில் சீட்டு திரும்பி வரும், குறுக்கே ஒரு கோட்டோடு. ஜன்னல் குமாஸ்தா அதைத் தெருவைத் தாண்டி யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அவர் வாங்கி, மடித்து, மேஜை இழுப்பறைக்குள் போடுவார். கையிலிருக்கும் பொத்தானை விட்ட இடத்திலிருந்து தைப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்துக்கு நூறு சீட்டு. ஒன்பது வருடத்துக்கு எத்தனை என்று நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நான் அதுவரை பார்த்த மலை எதுவும் அவ்வளவு உயரமாக எனக்குத் தோன்றியதில்லை.

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வர ஆறு வாரம் ஆனது. மழை பெய்ததால் கூட்டம் குறைவாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் சுற்றி வளைக்கவில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு. மகன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அடித்துவிட்டான். அந்த ஆள் இறந்துபோனார். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பார்த்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் தெரியாது என்றுவிட்டார்கள். கூண்டில் ஏறி, ஆமாம், என் பையன்தான் அடித்தான் என்று சொன்னது அவர்.

"அந்த ஆளுக்கும் ரெண்டு பொண்ணுங்க. கோர்ட்டுல எனக்கு நேரே உக்காந்திருந்துச்சுங்க. நான் என்ன பண்ண?"

அவர் டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்தார்.

"அவன் கோவம் சரிதான். என் முகத்துல முழிக்க அவனுக்குப் பிடிக்கல, அது அவன் இஷ்டம். நான் வந்திருக்கேன்னு அவனுக்கு வாரம் ரெண்டு தடவை தெரியணும். அது என் இஷ்டம்."

அவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்கப் போனார். நூல் மூன்று தடவை துளைக்கு வெளியே போனது. மழை வெளிச்சம் சரியில்லை என்று வானத்தைத் திட்டினார். நானும் அதை நம்பினேன்.

அதற்கு மறுவாரம் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைத்தான் முதலில் கேட்டான். "அக்கா, வெளிய பச்சைப் பொத்தான் தைக்கிறாங்களே, அவங்களை உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவனுடைய கூடத்தில் ஒரு அண்ணன் இருக்கிறாராம். நன்னடத்தைக்காக, மனு நேரம் முடிந்தபின் இந்த அறையைப் பெருக்குகிற வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்களாம். ஒன்பது வருடத்தில் ஏழு வருடமாக அவர்தான் பெருக்குகிறார். ஜனங்கள் என்னென்னவோ போட்டுவிட்டுப் போவார்கள், ஆனால் ஒரு பச்சைப் பொத்தான்கூடத் தரையில் கிடந்ததில்லையாம். பார்க்க வருகிற எல்லோர் சட்டையிலும் அது இருக்கும், ஒன்றுகூட விழாது. இந்த வருடம் விழ ஆரம்பித்திருக்கிறது.

"பதினொண்ணு பெருக்கி எடுத்திருக்காராம். சோப்பு டப்பாவுல போட்டு வெச்சிருக்கார், நான் பாத்தேன். உன் அக்கா வெளியிலிருந்து வர்றாங்களே, அம்மாவுக்குக் கண்ணு தெரியலையான்னு கேக்கச் சொல்லுன்னு சொன்னார். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

வளைவு, முற்றம், கதவு எல்லாம் தாண்டித் தெருவுக்கு ஓடி வந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கேட்டதைக் கேட்டபடியே ஒப்பித்துவிட்டேன். பொத்தான் அக்காவின் கால் மிதிப்பலகையில் அப்படியே நின்றது. மிஷின் சத்தம் நின்றதும் தெருவில் வேறு சத்தங்கள் இருப்பது தெரிந்தது.

"பதினொண்ணா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பதினொண்ணு விழுந்திருக்கு. எத்தனை பேர் இந்த வழியா வந்து போறாங்க, ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லல பாரு." உண்மையாகவே கோபமாக இருந்தார். முடித்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்து, பொத்தானை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். நூலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சுற்றுகளை எண்ணினார். எண்ண முடியவில்லை போலிருக்கிறது. என்னிடம் நீட்டி எண்ணச் சொன்னார். இரண்டு சுற்றுத்தான் இருந்தது. மற்ற இரண்டும் பொத்தானைச் சுற்றாமல் துணியோடு போயிருந்தன. அந்தச் சட்டையைப் பிரித்து மறுபடி தைத்தார். அன்று தைத்த எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தார். நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். மகனைப் பற்றி அவர் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் முகத்தில் கண்ணாடி இருந்தது. முழுக்கப் பிளாஸ்டிக் ஃபிரேம். வளைவுக்குத் தோதானதாகப் பார்த்து வாங்கியிருக்கிறாரே என்று யாரோ கிண்டல் செய்தார்கள். வளைவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், கடைக்காரனிடம் இருந்ததே இதுதான் என்றார். வழக்கம்போல முதல் சீட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கும் அன்று மனு இருந்தது, நானும் போட்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குச் சீட்டு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஜன்னல் குமாஸ்தா தானே எழுந்து, தெருவைத் தாண்டி வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. கால் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். அவர் சீட்டை மேஜைமேல் வைத்தார். பொத்தான் அக்கா பார்க்காமலே மடித்து இழுப்பறைக்குள் போடப் போனார். குமாஸ்தா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, "அதை எடுத்துக்கிட்டு வரிசைக்கு வாங்கம்மா" என்றார்.

கோடு இல்லை. கையெழுத்து இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தையின் சட்டையில் நாலு உலோகப் பொத்தான்கள். நாங்கள் எல்லோரும் போங்க போங்க என்கிறோம், பொத்தான் அக்கா உட்கார்ந்து அந்த நாலையும் மாற்றித் தைத்தார். நாலுக்கும் நாலு நாலு சுற்று. நூலைக் கடித்தார், கை கழுத்துக்குப் பின்னால் போனது. எழுந்தார். தெருவைத் தாண்டினார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். முற்றத்துக் கடிகாரத்தில் பத்தே முக்கால் ஆனபோது அவருடைய முறை வந்தது. வளைவின் உயரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார்.

வளைவு கத்தியது.

கழுத்தில் தையல் டேப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் தகரப் பட்டை. வரிசை முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார். டேப்பைத் தட்டில் வைத்தார், கண்ணாடியையும் வைத்தார். மறுபடி நடந்தார்.

மறுபடி கத்தியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பெண் காவலர் தடவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பொத்தான் அக்கா தன் உடம்பைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டார். பை, இடுப்பு, செருப்பு. வரிசையிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கொக்கி இருக்கா பாருங்க, செருப்புல ஆணி இருக்கும், முடியைத் தளர்த்திப் பாருங்க. எல்லாம் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எத்தனையோ பேரை இந்த வளைவுக்குத் தயார்செய்தவர் அதன் முன்னால் இப்படி நிற்பார் என்று நான் நினைத்ததில்லை. கண்ணாடி இல்லாத கண்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அலைந்தன.

வளைவுக் காவலர் நல்ல மனிதர்தான் என்று அன்று தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இன்னும் ஒரு தடவைதான்மா இருக்கு. யோசிச்சு வாங்க. அதுவும் கத்திச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவருடைய வலது கை அப்போது தானாக எழுந்து கழுத்துக்குப் பின்னால் போய்த் திரும்பியது. கலக்கத்தில் கைக்கு வேறு வேலை தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பொத்தான் முடிந்ததும் அது அங்கே எதற்குப் போகிறது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

நான் ஒரு அடி முன்னால் வந்து அவருடைய கூந்தலை ஒதுக்கி, மேலே போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பினேன். மூன்று ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒன்றில் குழந்தைச் சட்டையின் நூல் இன்னும் தொங்கியது. தொழிற்சாலை நாளிலிருந்து ஊசி வைக்கிற இடம் அவருக்கு அதுதான். இருபத்தைந்து வருடம் அங்கே இருந்ததை அவர் மறந்துபோகவில்லை. அது உலோகம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் மூன்றையும் உருவிக் கையில் மூடிக்கொண்டேன்.

"போங்க" என்றேன்.

அவர் நடந்தார். வளைவு சும்மா இருந்தது. அந்தச் சத்தமில்லாமையை என்னவென்று சொல்வது? பனிமலை உடைவதையும், ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் கிளம்புவதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மயிர்க்கூச்செறியவில்லை. அவர் தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், உள்கதவுக்குள் போனார்.

கையில் ஊசியை வைத்துக்கொண்டு நீங்கள் இங்கே நிற்கக் கூடாது என்று காவலர் எனக்கு நினைவூட்டினார். முற்றத்தில் ஊசியைப் போடவும் கூடாது. வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். நான் தெருவைத் தாண்டி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது பதினொன்றாகி, கதவு சாத்தியிருந்தது. தம்பி அடுத்த செவ்வாய் அதற்காக என்னைக் கால் மணி நேரம் திட்டினான்.

போகலாம் என்று பார்த்தால் போக முடியவில்லை. மனு முடிந்து வெளியே வருகிறவர்கள் தீப்பெட்டியிலிருக்கும் தங்கள் பொத்தானுக்காக மேஜை முன்னால் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன். அவர் ஊசியை எடுத்து, அவர் நூலைக் கோத்து, பச்சைப் பொத்தானை அறுத்துப் பழையதை ஏற்றினேன். நாலு சுற்றுச் சுற்றினேன். விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் செய்தி கொண்டுவந்தார்கள். ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருக்காங்க என்றார் ஒருவர். ரிசீவரைக்கூட எடுக்கவில்லையாம். அடுத்து வந்த பெண், இப்போது எடுத்துவிட்டார்கள் என்றாள். பையன் ஒரு சோப்பு டப்பாவைத் திறந்து கண்ணாடிப் பக்கம் காட்டி, என்னமோ கோபமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். பெல்ட்டைக் கழற்ற வெட்கப்பட்ட அந்தப் பெரிய மனிதர் கடைசியாக வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிக்கயிற்றைக் கொடுத்துவிட்டு, பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் பின்னால் பொத்தான் அக்கா வந்தார். தெருவைத் தாண்டுகிறபோது இரண்டு பக்கமும் பார்க்காமல் வந்ததால் ஒரு சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். மேஜைக்கு எதிரே, எப்போதும் நாங்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றார். நான் எழுந்திருக்கப் போனேன். இருக்கும்படி கையைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிவந்திருந்தன. எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது.

நான் தைத்து முடித்து வைத்திருந்த சட்டை ஒன்று மேஜையில் கிடந்தது. அதை எடுத்தார். பொத்தானை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதையும் என் கணக்குல எழுதிடப் போறான்டி அவன்" என்றார். நாற்காலியை விட்டு என்னை எழுப்பி, உட்கார்ந்து, ஊசிக்காகக் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். அங்கே எதுவும் இல்லை. நான் மேஜையிலிருந்த ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.